சார்ந்து நிற்கும் எழுத்து: நிகழ்தகவின் வரலாற்றில் மொழி பெற்ற இடம்



1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள், ரஷ்யர்களின் பழைய நாட்காட்டிப்படி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பேரரசு அறிவியல் கழகத்தில் ஆந்திரேய் மார்க்கோவ் என்னும் கணித அறிஞர் ஓர் உரை நிகழ்த்தினார். உரையின் பொருள் கணிதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றோ ஒரு காப்பியம். புஷ்கின் இயற்றிய 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்தின் தொடக்கப் பகுதியிலிருந்து 20,000 எழுத்துகளை அவர் தம் கையாலேயே எண்ணியிருந்தார். எத்தனை உயிர், எத்தனை மெய், ஓர் உயிரை அடுத்து மீண்டும் உயிர் வந்த இடங்கள் எத்தனை என்பனவே அவர் எண்ணியவை. நிகழ்தகவுக் கணிதத்தில் 'சார்பு நிகழ்ச்சிகள்' என்று நாம் இன்று கற்பிக்கும் பாடத்தின் வரலாற்றில் அந்த எண்ணிக்கை ஒரு திருப்புமுனை.

மலேசியப் பள்ளிகளில் இப்பாடம் நான்காம் படிவத்தில் இடம்பெறுகிறது. மலாய்மொழியில் அதனைப் 'பெரிஸ்திவா பெர்சண்டார்' என்கிறோம். 'சண்டார்' என்பது ஒன்றன்மீது சாய்ந்து நிற்றலைக் குறிக்கும் சொல். தமிழில் 'சார்பு' என்பதும் அப்பொருளினதே. ஆறாம் ஆண்டு வரை தமிழ்வழிக் கணிதம் பயின்று, பின்னர் மலாய்வழியில் இப்பாடத்தைச் சந்திக்கும் மாணவருக்கு இரு சொற்களும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. எனினும் பயிற்சிக் கணக்குகளிற் பெரும்பாலானவை பைக்குள் இருக்கும் வண்ணப் பந்துகளோடு நின்றுவிடுகின்றன. சார்பு என்னும் கருத்து எங்கே பிறந்தது, எங்கெல்லாம் பயன்பட்டது, அதனை மறந்தபோது என்ன தீங்கு நேர்ந்தது என்பவற்றை வரலாற்றின் வழியே காண்பதும், தமிழ் எழுத்திலக்கணத்துக்கு அவ்வரலாற்றோடு உள்ள உறவை எடுத்துக்காட்டுவதும் இவ்வுரையின் நோக்கம்.

குறைவதால் விளையும் சார்பு

பிரான்சில் பிறந்து, சமய ஒடுக்குமுறையால் நாடு நீங்கி இலண்டனில் வாழ்ந்தவர் ஆபிரகாம் டி மூவர். 1718ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நிகழ்தகவு நூல் பின்னர் விரிவாக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது. சாரா நிகழ்ச்சி, சார்பு நிகழ்ச்சி என்னும் இரண்டையும் தெளிவாக வரையறுத்துக் காட்டிய தொடக்ககால நூல்களுள் அது தலையாயது. ஒன்று நிகழ்வதால் மற்றொன்றின் வாய்ப்பு மாறாதிருப்பின் அவை சாரா நிகழ்ச்சிகள். மாறுமாயின் சார்பு நிகழ்ச்சிகள். இவ்வரையறை இன்றும் அப்படியே நிற்கிறது.

அவர் தந்த எடுத்துக்காட்டு சீட்டுக்கட்டைப் பற்றியது. பதின்மூன்று சீட்டுகள் கொண்ட இரண்டு குவியல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டை எடுத்தால், இரண்டும் ஒற்றைப்புள்ளிச் சீட்டாக அமையும் வாய்ப்பு 1/13 × 1/13, அதாவது 1/169. ஒரே குவியலிலிருந்து முதலில் ஒற்றைப்புள்ளிச் சீட்டையும், அதனைத் திரும்ப வைக்காமல் அடுத்து இரட்டைப்புள்ளிச் சீட்டையும் எடுக்க வேண்டுமாயின், முதல் வாய்ப்பு 1/13. இரண்டாவது எடுப்பின்போது எஞ்சியிருப்பன பன்னிரண்டு சீட்டுகளே. ஆகவே விடை 1/13 × 1/12, அதாவது 1/156.

நம் பாடநூல்களின் பந்துக் கணக்குகள் இக்குவியலின் வழித்தோன்றல்கள். இங்கே சார்பு உண்டாவதற்குக் காரணம் ஒன்றே: எடுத்தது குறைந்துவிட்டது. பையில் ஆயிரம் பந்துகள் இருந்தால் இச்சார்பு ஏறக்குறைய மறைந்துபோகும். எடுத்ததைத் திரும்ப வைத்தால் முற்றிலும் மறையும். இதனை மட்டுமே கற்ற மாணவர், 'திரும்ப வைத்தால் சாராதது, வைக்காவிட்டால் சார்ந்தது' என்னும் சூத்திரத்தை மனத்திற் கொண்டு தேர்வில் வெற்றியும் பெறுவார். ஆயின் பையும் பந்தும் இல்லாத இடத்தில் சார்பினைக் காணும் கண் அவருக்கு வாய்த்திருக்காது.

பேரெண் விதியும் ஒரு வழக்கும்

யாக்கோபு பெர்னூலியின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்தது. ஒரு சோதனையை மிகப் பலமுறை செய்தால், கிடைக்கும் விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்னும் பேரெண் விதியை அது நிறுவியது. அவர் நிறுவியது சாரா நிகழ்ச்சிகளுக்கு. அடுத்த இருநூறு ஆண்டுகளில், சாராமை இல்லாவிடில் அவ்விதியும் இல்லை என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது.

மாஸ்கோவைச் சேர்ந்த பாவெல் நெக்ராசோவ் இதனை ஒரு சமயத் தத்துவமாகவே வளர்த்தார். திருமணங்கள், குற்றங்கள் முதலியவற்றின் ஆண்டுக் கணக்குகள் நிலையான விகிதங்களைக் காட்டுகின்றன. பேரெண் விதி அங்கே செயற்படுகிறது. எனவே மனிதர் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே மனிதருக்குத் தன்விருப்ப உரிமை உண்டு. இதுவே 1902ஆம் ஆண்டளவில் அவர் முன்வைத்த வாதத்தின் போக்கு. தன்விருப்பம் உண்டோ இல்லையோ, அதனை நிறுவக் கணிதத்தைத் தவறாக ஆளக்கூடாது என்பது மார்க்கோவின் நிலை. 1906ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, ஒன்றையொன்று சார்ந்துவரும் நிகழ்ச்சித் தொடர்களிலும் பேரெண் விதி நிற்கக்கூடும் என்று காட்டியது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கு முன் நின்றதை மட்டுமே சார்ந்துவரும் அத்தொடர்களே பின்னர் 'மார்க்கோவ் சங்கிலி' என்னும் பெயர் பெற்றன.

கோட்பாடு சரி, உலகில் அத்தகைய தொடர் எங்கே உள்ளது? அவ்வினாவுக்கு விடையாகவே மார்க்கோவ் 1913இல் கவிதையை எண்ணினார். கிடைத்த கணக்கு இது: 20,000 எழுத்துகளில் உயிர் 8,638, மெய் 11,362. ஓர் எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் அது உயிராக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.43. எழுத்துகள் ஒன்றையொன்று சாராதவையாயின், அடுத்தடுத்து இரண்டு உயிர்கள் வரும் இடங்கள் 0.43ஐ 0.43ஆற் பெருக்கிய அளவில், அதாவது ஏறத்தாழ 3,730 இருத்தல் வேண்டும். உண்மையில் அவர் கண்டவை 1,104 மட்டுமே. உயிரை அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 0.128, மெய்யை அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 0.663. முன்நின்ற எழுத்து எது என்பதைச் சொன்னவுடன் பின்வரும் எழுத்தின் நிகழ்தகவு மாறிவிடுகிறது. இதுவே நிபந்தனை நிகழ்தகவு.

இங்கே எந்தப் பையும் காலியாகவில்லை. ஓர் உயிரை எழுதியதால் மொழியில் உயிர்கள் குறைந்துபோவதில்லை. சார்பு இங்கே அமைப்பிலிருந்து வருகிறது. வரிசையில் நிற்பனவற்றிடையே உள்ள ஒழுங்கிலிருந்து வருகிறது. சார்பின் இரண்டாம் வகை இது.

எழுத்திலக்கணம் அறிந்த சார்பு

இவ்வொழுங்கைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்தது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பவற்றைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் வகுத்துரைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் அதனை மேலும் சுருங்கத் தொகுத்தது. நாம் பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று பயிலும் பகுதி அது. தனித்து இயங்காமல் பிற எழுத்துகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு வருவனவற்றுக்குச் 'சார்பெழுத்து' என்றே பெயரிட்ட மரபு நம்முடையது.

மெய்ம்மயக்கத்தை நிகழ்தகவின் கண்கொண்டு நோக்குவோம். க், ச், த், ப் ஆகிய நான்கும் ஒரு சொல்லுக்குள் தம்மை மட்டுமே அடுத்துப் பெறும்: பக்கம், அச்சம், பத்து, உப்பு. ர், ழ் ஆகிய இரண்டும் தம்மை அடுத்துத் தாம் வாரா. பிற மெய்களையே பெறும்: சார்பு, வாழ்வு. ஏனைய பன்னிரண்டும் இரண்டு வகையும் பெறும். இதனைக் கணித மொழியிற் சொன்னால், தமிழ்ச் சொல்லுக்குள் 'க்' வந்துவிட்டது என்னும் நிபந்தனையின்கீழ் அடுத்து ககரம் வரும் நிகழ்தகவு 1. 'ர்' வந்துவிட்டது என்னும் நிபந்தனையின்கீழ் அடுத்து ரகரம் வரும் நிகழ்தகவு 0.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவில் பல படிகள் உள்ளன. 'ங்' என்பதன்பின் பெரும்பாலும் ககரமே வரும்; 'அங்ஙனம்' போன்ற சில சொற்களில் மட்டும் ஙகரம் வரும். 'ந்' என்பதன்பின் தகரம் மிகுதியாகவும், 'முந்நூறு' என்பதிற்போல நகரம் அருகியும் வரும். 'ட்' என்பதன்பின் டகரத்தோடு க, ச, ப ஆகியனவும் வரும்: பட்டு, வெட்கம், கட்சி, நட்பு. 'ய்' என்பதன்பின்னோ வாயில் அகலத் திறந்திருக்கிறது: பொய்கை, செய்தி, ஆய்வு, மெய்ம்மை, செய்யுள். 'ங்' என்று எழுதிக் கைநிறுத்தினால் அடுத்து வருவதைக் கேட்போர் உடனே சொல்லிவிடுவர். 'ய்' என்று நிறுத்தினால் ஐயுறுவர். அந்த ஐயத்துக்கு ஓர் அளவு வகுத்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் க்ளாட் ஷானன். 1948இல் அவர் வெளியிட்ட தகவல் கோட்பாட்டில் அதற்கு 'என்ட்ரோபி' என்று பெயர். மார்க்கோவ் காட்டிய வழியிலேயே, ஆங்கில எழுத்துகளின் முன்பின் சார்பினை அவர் தம் எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

மார்க்கோவ் ரஷ்ய மொழியிற் கண்ட 0.128 என்னும் எண் தமிழில் என்னவாகும்? அளபெடையை விலக்கிப் பார்த்தால், தமிழ்ச் சொல்லுக்குள் உயிரை அடுத்து உயிர் வருவதில்லை. இரண்டு உயிர்கள் சேர நேரின் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக இடையில் நிற்கும். ஆகவே அவ்வெண் தமிழில் ஏறக்குறைய சுழியம். ஒரு மொழியின் ஒலியியல்பு இவ்வாறு ஒரே எண்ணில் வெளிப்படுகிறது.

இவ்வூரின் பெயரையே பாருங்கள். 'பினாங்கு' என்று தமிழர் எழுதும்போது, மலாய்ப் பெயரின் இறுதியில் நின்ற ஒலியை 'ங்' என்று விட்டுவிடாமல், ககரக் குற்றியலுகரம் சேர்த்துத் தமிழ் ஒழுங்குக்குள் கொணர்ந்தனர். 'செபராங் ஜெயா' என்னும் பெயரில் அது நிகழவில்லை. 'ங்' சொல்லின் இறுதியில் நிற்கிறது. தமிழ் இலக்கணம் அதற்கு இடம் தருவதில்லை. தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் முன்பின் கேள்விப்படாமலேயே 'செபராங்' என்பது வேற்றுமொழிச் சொல் என்று கூறிவிடுவார். பக்தி, சப்தம் என்பனவற்றை வடசொல் என்று அறிவதும் இவ்வாறே. எழுத்துகளின் வரிசை வாய்ப்புக் குறைந்ததாக இருக்கின்றது என்பதே அவருடைய சான்று. அதனை அவர் நிகழ்தகவு என்று அழைப்பதில்லை.

புள்ளியில்லா ஏடுகள்

சார்பு பற்றிய இவ்வறிவு ஒருகாலத்தில் நம் இலக்கியங்களைக் காப்பாற்றியது. பனையோலை ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் பழைய ஏடுகளில் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. ரகரமும் நெடிலைக் குறிக்கும் காலும் ஒரே வடிவில் இருக்கும். 'சஙகம' என்று ஏட்டில் இருப்பதைச் 'சங்கம்' என்று படிப்பவர், ஙகரத்தை அடுத்துக் ககரம் நிற்பதைக் கண்டே அது புள்ளிபெறும் மெய் என்று துணிகிறார். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது, ஒவ்வோர் ஏட்டிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் இத்தகைய துணிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. எழுத்தொழுங்கு மட்டுமன்றிச் சொல், பொருள், யாப்பு ஆகியனவும் அவர்களுக்குத் துணைநின்றன.

இதில் ஆசிரியர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஏட்டைப் படிப்பவர் பின்னால் வரும் எழுத்தைக்கொண்டு முன்னால் உள்ள எழுத்தைத் துணிகிறார். மாணவர் பலருக்கு இது விளங்குவது அரிது. இஸ்ரேலிய உளவியல் அறிஞர் ரூமா ஃபால்க் ஒரு கணக்கின் மூலம் இதனை எடுத்துக்காட்டினார். பையில் இரண்டு வெள்ளைப் பந்துகளும் இரண்டு கறுப்புப் பந்துகளும் உள்ளன. திரும்ப வைக்காமல் இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. முதற்பந்தை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது வெள்ளை என்று தெரிகிறது. முதற்பந்து வெள்ளையாக இருந்திருக்கும் வாய்ப்பு யாது? '1/2' என்று பலர் கூறுவர். பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததை மாற்றாது என்பது அவர்தம் வாதம். சரியான விடை 1/3. இரண்டாவதாக வந்த வெள்ளையை நீக்கினால் எஞ்சிய மூன்றில் ஒன்றே வெள்ளை. பின்னிகழ்ச்சி முன்னிகழ்ச்சியை மாற்றுவதில்லை என்பது மெய்யே; அதைப் பற்றிய நம் அறிவை அது மாற்றுகிறது. சார்பு என்பது காரண காரியத் தொடர்பைக் குறிக்க வேண்டியதில்லை. இதனைப் பந்தால் விளக்குவதினும் புள்ளியில்லா ஏட்டால் விளக்குவது எளிது.

சிந்துவெளியில் ஒரு வினா

இக்கணிதம் தமிழரின் பேரார்வத்துக்குரிய ஒரு களத்திற்கும் சென்றது. சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறியீடுகள் இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை. அவற்றைத் தொகுத்து ஆராய்வதற்குப் பல பத்தாண்டுகள் உழைத்தவர் ஐராவதம் மகாதேவன். 1977ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய தொகுப்பு 417 குறியீடுகளை வரிசைப்படுத்தி, எந்தக் குறி எங்கெங்கே எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கணினியின் துணையோடு அட்டவணையாக்கியது.

2009ஆம் ஆண்டு இராஜேஷ் இராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா, ரோணஜாய் அதிகாரி முதலியோர் மகாதேவனோடு இணைந்து ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையின் கணித அறிவியல் நிறுவனமும் அதிற் பங்குகொண்டன. ஒரு குறி தெரிந்தபின் அடுத்த குறியைப் பற்றி எஞ்சும் ஐயம் எவ்வளவு என்பதே அவர்கள் அளந்தது. எந்தக் குறிக்குப் பின்னும் எந்தக் குறியும் வரலாம் என்றால் ஐயம் மிகப் பெரிது. வரிசை இறுகிப்போயிருந்தால் ஐயமே இல்லை. சங்கத்தமிழ், வேதமொழி, சுமேரியம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு பட்டையில் அமைந்தன. சிந்துவெளிக் குறியீடுகளும் அப்பட்டைக்குள்ளேயே விழுந்தன.

அதே ஆண்டில் அக்குழுவினர் மார்க்கோவ் சங்கிலி கொண்டு மற்றோர் ஆய்வும் செய்தனர். உடைந்த முத்திரைகளில் அழிந்துபோன குறி எதுவாக இருக்கலாம் என்று அது கணித்தது. மேலும், மேற்கு ஆசியாவிற் கிடைத்த சிந்துவெளி முத்திரைகளின் குறிவரிசைகள், சிந்துவெளியின் வழக்கமான ஒழுங்கில் வாய்ப்புக் குறைந்தவை என்றும் காட்டியது. குறிகள் பழையனவே, வரிசை புதிது. தாயகத்தில் எழுதியதினின்றும் வேறான செய்தியையோ, வேறு மொழியையோ அங்கே எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். 'செபராங்' என்னும் சொல்லைத் தமிழர் அயற்சொல் என்று கண்டுகொள்ளும் அதே முறை இது.

இச்செய்தி வெளிவந்தபோது, சிந்துவெளி எழுத்து தமிழே என்று கணினி நிறுவிவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தனர். ஆய்வு அவ்வாறு நிறுவவில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரோட், ஸ்டீவ் ஃபார்மர், மைக்கேல் விட்செல் ஆகியோர் கடுமையான மறுப்புகளை எழுதினர். ஒப்பீட்டுக்காகக் கொண்ட இரு எல்லைகளும் செயற்கையாக ஆக்கப்பட்டவை. மொழியல்லாத வேறு பல குறியீட்டு முறைகளும் அதே இடைப்பட்டையில் விழக்கூடும் என்பவை அவர்தம் தடைகளுள் முதன்மையானவை.

இவ்விவாதத்தின் உட்கரு நிபந்தனை நிகழ்தகவின் திசையைப் பற்றியது. 'மொழியாயின் இப்பட்டைக்குள் விழும்' என்பது ஒன்று. 'இப்பட்டைக்குள் விழுந்தால் மொழியாகும்' என்பது மற்றொன்று. முன்னதன் நிகழ்தகவு மிக உயர்ந்திருந்தாலும் பின்னதன் நிகழ்தகவு உயர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்னதை அறிய, மொழியல்லாதவை எத்தனை அப்பட்டைக்குள் விழும் என்பதும் தெரிய வேண்டும். இவ்வாய்வு மொழி என்னும் கருதுகோளுக்கு வலிமை சேர்த்தது என்று கூறலாம். அம்மொழி எது என்று அது கூறியதாகச் சொல்லலாகாது. தமிழ்மீது பற்றுடையோர்க்கு இவ்வேறுபாட்டைக் காத்தல் கடமை. நம் விருப்பத்துக்கு இசைந்த முடிவாயின் நாம் அளவுகோலைத் தளர்த்துகிறோமா என்பதே அறிவியல் மனப்பான்மைக்கு உரிய சோதனை.

நீதிமன்றத்திற் செய்த பெருக்கல்

சார்பை மறந்ததன் விலையை ஓர் ஆங்கிலேயத் தாய் கொடுக்க நேர்ந்தது. சாலி கிளார்க் என்னும் வழக்குரைஞரின் இரு கைக்குழந்தைகள் 1996இலும் 1998இலும் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் அறியப்படாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்று ஒரு மருத்துவ வல்லுநர் சான்றுரைத்தார். இரண்டு குழந்தைகளுக்கு அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார். 1999இல் அவருக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அப்பெருக்கல் செல்லுவதற்கு இரு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே சூழல் ஆகியன இருக்கும்போது அவ்வாறு கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. 2001இல் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் இதனை வெளிப்படையாகக் கண்டித்தது. இரண்டாவது பிழையும் இருந்தது: குற்றமற்றவராயின் இப்படி நிகழும் வாய்ப்பு மிகச் சிறிது என்பதை, இப்படி நிகழ்ந்தமையால் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு மிகச் சிறிது என்று மாற்றிக்கொள்ளும் பிழை. சிந்துவெளி விவாதத்திற் கண்ட அதே திசைமாற்றம் இங்கே ஒருவரின் வாழ்வைச் சிதைத்தது. வெளிப்படுத்தப்படாதிருந்த மருத்துவச் சான்று பின்னர்க் கிடைத்ததை அடுத்து, 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2007இல் அவர் மறைந்தார்.

இங்கே எதுவும் குறையவில்லை; வரிசையொழுங்கும் இல்லை. இரு நிகழ்ச்சிகளுக்கும் பின்னே மறைந்து நிற்கும் பொதுக் காரணமே சார்பினை உண்டாக்குகிறது. இது மூன்றாம் வகை.

வகுப்பறைக்கு

மூன்றாம் வகையைப் பினாங்கு மாணவருக்கு விளக்குவது எளிது. பெருநிலத்தில் வாழும் இருவர் தீவிலுள்ள ஒரே அலுவலகத்தில் வேலை செய்கின்றனர். ஒவ்வொருவரும் பத்து நாட்களில் ஒரு நாள் தாமதமாகின்றனர். இருவரும் ஒரே நாளில் தாமதமாகும் வாய்ப்பு யாது? உடனே பெருக்கி 1/100 என்று விடை கூறுவர். இருவரும் 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தையே காலையில் கடப்பவர்கள் என்றும், பாலத்து நெரிசல் ஒன்றே அவர்களைத் தாமதப்படுத்துகிறது என்றும் கொண்டால் விடை 1/10. பத்து மடங்கு வேறுபாடு. உண்மை வாழ்வில் விடை இவ்விரண்டிற்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதனைக் கண்டறியப் பெருக்கல் வாய்பாடு போதாது, நிலைமையைப் பற்றிய அறிவும் வேண்டும்.

இரண்டாம் வகைக்கு, மார்க்கோவ் செய்ததை மாணவரே செய்து பார்க்கலாம். தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள மெய்யெழுத்துகளுக்குப் பின் சொல்லுக்குள் வரும் எழுத்தை ஒரு கட்டத்தாளிற் குறிக்கச் செய்க. 'ங்', 'ந்', 'ட்', 'ய்' ஆகிய நான்குக்கு மட்டும் செய்தாலே போதும். ஒவ்வொரு வரிசையின் எண்ணிக்கையையும் அவ்வரிசையின் மொத்தத்தால் வகுத்தால் நிபந்தனை நிகழ்தகவு கிடைத்துவிடும். மெய்ம்மயக்க நூற்பாக்களை மனப்பாடம் செய்த மாணவர் அவற்றின் பயனை எண்களாகக் காண்பார். எண்களை வெறுத்த மாணவர் தம் மொழியின் ஒழுங்கை அவற்றிற் காண்பார். நாளிதழின் ஒரு பக்கத்துக்கும் இதனையே செய்து, அயற்சொற்கள் மிகும் இடத்தில் எண்கள் எவ்வாறு மாறுகின்றன என்று ஒப்பிடலாம். நிகழ்தகவு என்பது எந்தத் தொகுதியை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது என்னும் பாடமும் அதனுடன் வந்துசேரும்.

பெருக்கல் விதியைக் கையிலெடுக்கும் முன் மாணவர் தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. முன்னது நிகழ்ந்ததால் பின்னதற்கு உரிய தொகுதி குறைந்ததா? முன்னதும் பின்னதும் ஓர் ஒழுங்கான வரிசையில் நிற்கின்றனவா? இரண்டுக்கும் பொதுவான காரணம் மறைந்து நிற்கிறதா? கேட்கப்பட்ட நிபந்தனையின் திசை எது? முதல் வினாவை நம் பாடநூல்கள் நன்கு பயிற்றுகின்றன. ஏனைய மூன்றும் ஆசிரியரின் வாய்மொழியை எதிர்நோக்கி நிற்கின்றன.

மெய்ம்மயக்கத்தை இலக்கண ஆசிரியரும் நிகழ்தகவைக் கணித ஆசிரியரும் தனித்தனியே கற்பிக்கும் பள்ளிகளே மிகுதி. இரண்டு வகுப்புகளிலும் அமர்ந்திருப்பவர் ஒரே மாணவர். ஆண்டுக்கு ஒரு பாடவேளையேனும் இரு ஆசிரியரும் ஒரே கரும்பலகையின்முன் நின்று, ஒரு பக்கத் தமிழை மாணவரோடு சேர்ந்து எண்ணுவார்களாயின், சார்பு என்பது பந்துப் பைக்கு வெளியேயும் உண்டு என்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.